கேர்ன்: கல்லறையும் அன்று, நடுகல்லும் அன்று

கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சாலையோரங்களில் ஆளுயரத்துக்குக் கல் அடுக்கி, வெண்கலப் பலகை பதித்த நினைவுச் சின்னங்கள் நிற்கும். அவற்றுக்குக் கேர்ன் என்று பெயர். அங்கே முதலில் குடியேறிய குடும்பம் ஒன்றின் கேர்னைச் சாலைப் பணிக்காக நகர்த்தினால், தமிழில் ‘கல்லறை இடமாற்றம்’ என்று எழுதிவிடுகிறார்கள். படிப்பவர் எலும்புகளைத் தோண்டி எடுத்ததாகத்தானே நினைப்பார்?

ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் ‘கார்ன்’ என்றால் கற்குவியல். மலைவழிக்கு அடையாளமாகவும் இறந்தவர் நினைவாகவும் குவித்தார்கள். ‘உன் கேர்னில் ஒரு கல் வைப்பேன்’ என்றால் உன்னை மறக்கமாட்டேன் என்று பொருள். அந்த மக்கள் குடியேறிய நாடுகளுக்கெல்லாம் சொல்லும் உடன் போயிற்று.

கல்லறை வேறு, நினைவுக்கல் வேறு என்பதற்கு மெல்பர்னே சான்று. அந்நகரைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் பேட்மன் 1839இல் இறந்தார். பழைய இடுகாட்டில் அவருக்கு 1880களில் ஒரு கல்தூண் நட்டார்கள். 1922இல் அவருடைய எலும்புகள் ஃபாக்னர் இடுகாட்டுக்குப் போயின, தூண் யாரா ஆற்றங்கரைக்குப் போனது. 1992இல் தூண் மட்டும் குயின் விக்டோரியா சந்தைப் பக்கம் திரும்பியது. இதில் எதைக் கல்லறை என்பது?

தனித்தமிழ் அன்பர்கள் ‘நடுகல்’ என்கிறார்கள். இதை நான் கடுமையாக மறுக்கிறேன். நடுகல் ஒற்றைக் கல். பெரும்பாலும் ஆநிரை கவர்தலிலோ மீட்டலிலோ வீழ்ந்த வீரனுக்கு உரியது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று தொல்காப்பியம் அதற்குத் துறை வகுக்கிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் வீரனின் உருவமும் எழுத்தும் அந்தக் கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கும். கேர்னில் எந்தக் கல்லும் தனிக் கல் அன்று. எழுத்து பலகையில் இருக்கிறது, வழிபாடும் கிடையாது. இன்னொன்றும் உண்டு. பேட்மன் தூணில் அந்த நிலம் அப்போது ஆளற்றுக் கிடந்ததாக வெட்டியிருந்தார்கள். அது அங்கே வழிவழியாக வாழ்ந்த பூர்வகுடிகளான குலின் மக்களின் நிலம். நிலத்தை எடுத்துக்கொண்டவருக்கு, ஊரைக் காத்து மாண்டவனின் சொல்லைக் கொடுப்பது தமிழுக்கும் அநீதி, அந்த மக்களுக்கும் அநீதி.

அப்படியானால் ‘பதுக்கை’ என்று சொல்லலாமா? சங்கப் பாடல்களில் அது வழியில் மாண்டவர் உடலை மூடிய கற்குவியல். உடல் அடியில் இருந்தால்தான் பொருந்தும்.

தொல்லியலார் புழங்கும் ‘கற்குவை’ கையிலேயே இருக்கிறது. நினைவுக் கற்குவை என்றால் யாருக்கும் விளங்கும்.

‘இடமாற்றம்’ என்று பொதுவாக எழுதுவதும் போதாது. சாந்தில்லாமல் அடுக்கிய கற்குவையானால், நான்கு பக்கமும் படமெடுத்து, வரிசைவாரியாகக் கல்லுக்கு எண் போட்டுப் பிரித்து, அதே வரிசையில் மறுபடி அடுக்கலாம். எண்ணைச் சுண்ணக்கட்டியால் எழுதினால் ஒரே மழையில் போய்விடும். இருபதாம் நூற்றாண்டுக் கற்குவைகள் பலவற்றின் உள்ளே கான்கிரீட், வெளியே மட்டும் கல். சிமெண்ட் மணற்கல்லைவிடக் கெட்டி. பிரிக்கப் போனால் சாந்து விடாது, கல்தான் உடையும். அப்படியே தூக்கலாம் என்றால், 1.2 மீட்டர் சதுரமும் 1.5 மீட்டர் உயரமும் உள்ள குவை ஐந்து டன்னைத் தாண்டும். அடித்தளத்தை அறுத்து, கீழே இரும்புச் சட்டம் கொடுத்துத்தான் பளுதூக்கியில் ஏற்ற வேண்டும். இதற்கு அஞ்சிப் பலகையை மட்டும் கழற்றிப் புதுக் கற்களில் பதிப்பதும் உண்டு. முதல் இரண்டையும் ‘பெயர்த்து நிறுவினர்’ எனலாம். மூன்றாவதை ‘பலகையை மாற்றிப் பதித்தனர்’ என்றே எழுத வேண்டும். எது நடந்தது என்று கேட்காமல் மொழிபெயர்ப்பவர்கள்தான் மிகுதி.

இதே அவசரத்தில்தான் முதலில் வந்து குடியேறியவர்களைப் ‘பூர்வகுடிகள்’ என்றும் எழுதுகிறார்கள். பொருள் அப்படியே தலைகீழாகிறது: குலின் மக்கள் பூர்வகுடிகள், பேட்மன் குடியேறி. கேர்ன் எழுப்பப்பட்டது யாருக்கோ அவர்களை ‘முதற்குடியேறிகள்’ என்று எழுதுங்கள்.