குழந்தை வளரும், குழாய் வளராது

சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே, இதயத்தின் வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகும் பாதை அடைபட்டிருக்கும். சிலருக்கு அந்தப் பாதையே உருவாகியிருக்காது. அந்த இடத்தில் வால்வு உள்ள குழாய் ஒன்றைத் தைத்துப் புதுவழி போடுகிறார்கள். 1966-ல் லண்டனில் இதய அறுவை மருத்துவர் டொனால்ட் ராஸ், இறந்தவர் ஒருவரின் மகாதமனியை வால்வோடு எடுத்து ஒரு சிறுவனுக்கு இப்படிப் பொருத்தினார். அப்புறம் பன்றி வால்வு வைத்த டாக்ரான் (ஒருவகை பாலியஸ்டர்) துணிக்குழாய் வந்தது. இயற்கையிலேயே வால்வு கொண்ட மாட்டின் கழுத்துச் சிரை வந்தது. உயிரைக் காப்பாற்றும் குழாய்கள்தான். ஆனால் எதுவும் ஆயுளுக்கும் தாங்குவதில்லை.

முதல் காரணம் எளிது. பச்சிளங்குழந்தையின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் அரை லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. பெரியவருக்கு அது 5 லிட்டர். குழாயின் அகலமோ தைத்த அன்று இருந்ததுதான்.

இரண்டாவது காரணம் குழாய்க்குள்ளேயே நடக்கிறது. மாட்டுச் சிரையும் பன்றி வால்வும் கெடாமல் இருக்க, அவற்றை குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளில் பதப்படுத்துகிறார்கள். செல்கள் செத்துவிடும், ஆனால் அவற்றின் சவ்வில் உள்ள பாஸ்பரஸ் அங்கேயே தங்கும். உயிருள்ள செல் உள்ளே வரும் கால்சியத்தை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். செத்த செல்லால் அது முடியாது. கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்தால் எலும்பில் இருப்பது போன்ற படிகம். எலும்பு வளரும் வயதில் இந்தப் படிவு இன்னும் வேகமாக நடக்கிறது. அதனால்தான் சிறு குழந்தைக்கு வைத்த குழாய் சீக்கிரம் கெடுகிறது. மெல்லிய துணிபோல அசைய வேண்டிய வால்வு இதழ், முட்டை ஓடுபோல விறைத்துவிடும். டாக்ரான் குழாயில் வேறொரு சிக்கல்: உள்சுவரில் நார்த்திசு தோல்போலப் படர்ந்து தடிக்கும், சில நேரம் சுவரைவிட்டுப் பிரிந்து பாதைக்குள் மடிந்து தொங்கும். போதாததற்கு, குழாய் நெஞ்செலும்புக்கு நேர் பின்னால் கிடப்பதால் அங்கேயும் நசுங்கும்.

அடைப்பின் அளவை எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், சொல்லிவிடும். குறுகிய இடத்தில் ரத்தம் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால், அந்த எண்ணின் வர்க்கத்தை 4-ஆல் பெருக்குவார்கள்: 64. அதாவது, அடைப்பைத் தாண்டவே 64 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் செலவாகிறது. வலது கீழறைக்கு இயல்பாகத் தேவையானது சுமார் 25-தான். பாவம், அதன் தசை தடித்துத் தடித்து ஈடுகொடுக்கும், ஒருநாள் தளர்ந்துவிடும். அடைப்பு மெதுவாக வருவதால் குழந்தைக்கே அது தெரியாது. “முன்னைப்போல ஓடுவதில்லை” என்று அம்மாதான் சொல்வார். நன்றாகத்தானே இருக்கிறான் என்று வருடாந்தர எக்கோவைத் தள்ளிப்போடவே கூடாது.

முன்பெல்லாம் மறுபடி நெஞ்சைத் திறப்பதுதான் ஒரே வழி. எலும்பை அறுக்கும்போது, ஒட்டிக்கிடக்கும் குழாயும் கிழிந்துவிடும் ஆபத்து உண்டு. 2000-ல் இதய மருத்துவர் பிலிப் பான்ஹோஃபர் பாரிஸில் 12 வயதுச் சிறுவனுக்கு, ஸ்டென்ட் எனும் உலோக வலைக்குழாய்க்குள் தைத்த மாட்டுச்சிரை வால்வை ரத்தக்குழாய் வழியாகவே கொண்டுபோய், பழைய குழாய்க்குள் விரித்தார். எத்தனையோ பிள்ளைகளுக்கு ஓர் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்ட வேலை அது.

எல்லோருக்கும் அது முடியாது. இதயத் தசைக்கு ரத்தம் தரும் கரோனரித் தமனி சிலருக்குக் குழாயை ஒட்டியே ஓடும்; உள்ளே வால்வை விரித்தால் அது நசுங்கிவிடலாம். அதனால் முதலில் குழாய்க்குள் பலூனை ஊதிவைத்துக்கொண்டு, கரோனரியில் சாயம் செலுத்திப் பார்ப்பார்கள். சாயம் தடைபட்டால் பலூனைச் சுருக்கி எடுத்துவிடுவார்கள். அந்தக் குழந்தைக்கு மறுபடியும் அறுவை மேசைதான்.