டிஷ்ஷில் நின்ற சேனல் காற்றில் ஓடிக்கொண்டிருக்கிறது

2024 செப்டம்பர் 1, ஞாயிறு மாலை. அமெரிக்காவில் டிஷ் வழியாக டிவி கொடுக்கும் டைரக்டிவி நிறுவனத்தின் சந்தாதாரர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்டோருக்கு டிஸ்னி நிறுவனத்தின் சேனல்கள் ஒரே நேரத்தில் நின்றுபோயின. விளையாட்டுச் சேனலான இஎஸ்பிஎன் போனது. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ, ஃபிலடெல்ஃபியா உட்பட எட்டு இடங்களில் டிஸ்னியின் ஏபிசி நெட்வொர்க்கைக் காட்டும் உள்ளூர் நிலையமும் கூடவே போனது. இரு நிறுவனங்களுக்கும் இடையே நடந்த கட்டணத் தகராறு தீர 13 நாட்கள் ஆயின. அதற்கு நடுவில்தான், செப்டம்பர் 10 அன்று, ஏபிசி நடத்திய ஹாரிஸ்–டிரம்ப் அதிபர் தேர்தல் விவாதம் வந்தது.

இஎஸ்பிஎன் போனது நிஜமாகவே போனதுதான். அதற்கு ஒளிபரப்புக் கோபுரம் கிடையாது. உள்ளூர் ஏபிசி விஷயம் வேறு. நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியிலிருந்தும், லாஸ் ஏஞ்சலஸில் மவுண்ட் வில்சன் மலையிலிருந்தும் அந்த நிலையங்கள் வழக்கம்போல ஒளிபரப்பிக்கொண்டுதான் இருந்தன. அடைபட்டது ஒரு வழி மட்டும். சேனல் பிறக்கும் வழி திறந்தே இருந்தது, அதற்குச் சந்தாவும் இல்லை. இப்படித் தகராறு வரும்போதெல்லாம் மக்கள் அவசரமாக வேறு நிறுவனத்துக்கு மாறுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது கூரையை, அங்கே ஓர் ஆன்டெனா வைக்க முடியுமா என்று.

காற்றில் சும்மா வருவதற்கு டிஷ் நிறுவனம் ஏன் காசு கொடுக்க வேண்டும்? 1992-ல் வந்த கேபிள் சட்டம்தான் அடிப்படை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நிலையமும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். தன்னைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லலாம், அப்போது பணம் வராது. அல்லது, தன் அனுமதி இல்லாமல் எடுக்கக்கூடாது என்று சொல்லி விலை பேசலாம். மக்கள் விரும்பிப் பார்க்கும் நிலையங்கள் இரண்டாவதைத்தான் எடுக்கும். உள்ளூர் நிலையங்களை அந்தந்தப் பகுதிக்கே செயற்கைக்கோள் வழியாகக் கொடுக்க 1999-ல் இன்னொரு சட்டம் இடம் கொடுத்தது. ஒப்பந்தம் முடிந்து நீட்டிப்பும் இல்லை என்றால் டிஷ் நிறுவனம் அந்தச் சேனலை நிறுத்தியே ஆக வேண்டும்.

சரி, சிகாகோ ஏபிசியை நியூயார்க் வீட்டுக்குத் திருப்பிவிட முடியாதா? சட்டம் பொதுவாக விடாது. இயற்பியலும் குறுக்கே நிற்கிறது. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்குக் கிடைத்திருக்கும் அதிர்வெண் கொஞ்சம்தான். அமெரிக்காவிலோ 210 டிவி சந்தைகள் இருக்கின்றன. அத்தனை நகரங்களின் நிலையங்களையும் நாடு முழுக்க அனுப்ப இடம் போதாது. அதனால் 2001-ல் ஏவப்பட்ட டைரக்டிவி-4எஸ் போன்ற செயற்கைக்கோள்கள் நாட்டின் ஒரு பகுதியை மட்டும் குறிவைக்கும் குறுகிய கற்றைகளை அனுப்பத் தொடங்கின. தொலைவில் உள்ள இரண்டு நகரங்கள் ஒரே அதிர்வெண்ணைப் பகிர்ந்துகொள்ளலாம். அதனால் ஒரு நகரத்துக்கான கற்றை எங்கோ இருக்கும் இன்னொரு நகரத்தின் டிஷ்ஷில் விழாது.

இணைய டிவி சேவைக்கு மாறுவது இன்னொரு வழி. ஆனால் அதுவும் அதே மாதிரி ஒப்பந்தத்தில்தான் நிற்கிறது. 2021 டிசம்பரில் யூடியூப் டிவியிலிருந்தும் டிஸ்னி சேனல்கள் சிறிது காலம் காணாமல் போயின. சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் ஒரு குட்டி ஆன்டெனா வைத்து, காற்றில் பிடித்ததை இணையத்தில் அனுப்பிய ஏரியோ நிறுவனத்தை 2014-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6–3 என்ற தீர்ப்பில் தடுத்துவிட்டது. பிறருக்காகப் பிடித்துக் கொடுத்தால்தான் இந்தச் சிக்கல். உங்கள் வீட்டுக்காக நீங்களே பிடித்தால் யாரும் கேட்க முடியாது.

டிஷ்ஷையே கோபுரத்தின் பக்கம் திருப்பினால் வேலை செய்யாது. அது பிடிப்பது 12 கிகாஹெர்ட்ஸ் அளவில், அலைநீளம் சுமார் 2.5 சென்டிமீட்டர். கோபுரத்திலிருந்து வருவது அதைவிட மிக நீளமான அலை. எளிய ஆன்டெனாவின் நீளம் அலைநீளத்தில் பாதி இருந்தால் நன்றாகப் பிடிக்கும். யுஎச்எஃப் எனப்படும் மேல் அதிர்வெண் சேனல்கள் (14 முதல் 36 வரை) 470–608 மெகாஹெர்ட்ஸில் வருகின்றன. அதற்கு 25–32 சென்டிமீட்டர் போதும். ஜன்னலில் ஒட்டும் தட்டை ஆன்டெனாக்கள் பெரும்பாலும் இதற்காகச் செய்யப்பட்டவை.

பலர் ஏமாறுவது இங்கேதான். நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ மூன்றிலும் ஏபிசி திரையில் 7 என்றே வரும். ஆனால் சிகாகோவில் அது உண்மையில் வருவது யுஎச்எஃப் 22-ல். மற்ற இரண்டு நகரங்களிலும் நிஜமாகவே 7-ல், விஎச்எஃப் எனப்படும் கீழ் அதிர்வெண் பகுதியில், அதாவது 174–180 மெகாஹெர்ட்ஸில். அதற்கு ஏறக்குறைய 85 சென்டிமீட்டர் வேண்டும். ஃபிலடெல்ஃபியா ஏபிசி இன்னும் கீழே, சேனல் 6-ல், எஃப்எம் வானொலிக்குப் பக்கத்து வீட்டில். அங்கே ஒன்றே முக்கால் மீட்டர் கேட்கும். ‘ஆன்டெனா வாங்கினேன், மற்றதெல்லாம் வருகிறது, ஏபிசி மட்டும் வரவில்லை’ என்று ஒருவர் சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆன்டெனா வாங்குவதற்கு முன்பு அமெரிக்க ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசியின் இணைய வரைபடத்தில் உங்கள் முகவரியைப் போட்டு, கோபுரம் எந்தத் திசையில் இருக்கிறது, நிஜ சேனல் எண் என்ன என்று பார்த்துவிடுங்கள்.

கோபுரம் தூரத்தில் இருந்தால், தூர்தர்ஷன் காலத்தில் நம் மொட்டை மாடிகளில் மீன்முள் மாதிரி நின்றதே, அந்த யாகி–உடா ஆன்டெனாதான் சரி. 1926-ல் ஜப்பானில் பிறந்தது. அதில் கேபிள் இணைந்திருப்பது ஒரே ஒரு கம்பியில். பின்னால் சற்று நீளமான கம்பி ஒன்று, முன்னால் சற்றுக் குட்டையானவை பல. இவை அலையை வாங்கித் திரும்ப வீசும். முன்னாலிருந்து வருவது ஒன்றோடொன்று கூடி வலுக்கிறது, பின்னாலிருந்து வருவது பெரும்பாலும் தேய்ந்துபோகிறது. உயரமும் முக்கியம். 300 மீட்டர் கோபுரத்தின் அலை, 9 மீட்டர் உயரக் கூரை ஆன்டெனாவுக்கு, நடுவில் மலை இல்லாவிட்டால், 80 கிலோமீட்டர் தாண்டியும் எட்டும். அதற்கு மேல் பூமியின் வளைவு மறைக்கத் தொடங்கிவிடும்.

பழைய அனலாக் படம் பலவீனமானால் புள்ளி புள்ளியாகத் தெரியும், கதையாவது புரியும். 2009 ஜூன் 12-க்குப் பிறகு வரும் டிஜிட்டலில் அப்படி இல்லை. இரைச்சலைவிட சிக்னல் சுமார் 15 டெசிபெல் மேலே இருந்தால் படம் பளிச்சென்று வரும். அதற்குக் கீழே போனால் உறையும், உடையும், பிறகு ஒன்றுமே இருக்காது. எல்லையில் இருப்பவருக்கு ஆன்டெனாவை ஓர் அடி நகர்த்துவதுகூட எல்லாவற்றையும் மாற்றிவிடும். கேபிளை இரண்டு டிவிக்குப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர் 3.5 டெசிபெல்லைத் தின்றுவிடும். ஆம்ப்ளிஃபயர் வைப்பதானால் ஆன்டெனா பக்கத்தில் வையுங்கள். கேபிளில் நலிந்துபோன சிக்னலை டிவி பக்கத்தில் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

குடியிருப்போர் சங்கம் ஆன்டெனா கூடாது என்று சொன்னால் பயப்பட வேண்டாம். 1996-ன் எஃப்சிசி விதிப்படி, உங்கள் சொந்த உபயோகத்தில் மட்டும் இருக்கும் கூரையிலோ பால்கனியிலோ டிவி ஆன்டெனா வைப்பதை அவர்கள் தடுக்க முடியாது. அடுக்குமாடியின் பொதுக் கூரைக்கு இந்த உரிமை இல்லை.

மாட்டியதும் டிவியில் சேனல் ஸ்கேன் செய்யுங்கள். வீட்டில் ஏற்கனவே ஆன்டெனா இருந்தாலும் ஒருமுறை செய்யத்தான் வேண்டும். 36-க்கு மேற்பட்ட யுஎச்எஃப் சேனல்களை செல்பேசி நிறுவனங்களுக்கு ஏலம் விட்ட பிறகு, 2020 வரை நூற்றுக்கணக்கான நிலையங்கள் இடம் மாறின. பழைய ஸ்கேன் அவற்றைப் பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருக்கும்.