காசு கொடுத்தும் கேட்கவைக்க முடியவில்லை: தென் வியட்நாம் உதவிக் கணக்கு

படி அளப்பவன் சொல்லைப் படி வாங்குபவன் தட்டமாட்டான் என்று நினைப்போம். அமெரிக்க உதவிக் காசில் ஆட்சி நடத்திய தென் வியட்நாமின் அதிபர் நோ டின் டியெம் எட்டு வருடம் அமெரிக்கா சொன்னதைத் தட்டிக்கொண்டே இருந்தார். காரணம், காசு போன பாதையிலேயே இருக்கிறது.

தலைநகர் சைகோனில் வியாபாரி ஒருவர் ஸ்கூட்டர் இறக்குமதி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கான டாலரை அமெரிக்க அரசு கட்டிவிடும். வியாபாரி அதற்கு ஈடாக உள்ளூர்ப் பணமான பியாஸ்தரைத் தனிக் கணக்கு ஒன்றில் போடுவார். அந்தக் கணக்கிலிருந்து டியெம் அரசு தன் ராணுவத்துக்குச் சம்பளம் கொடுக்கும். சரி, எதற்கு இந்தச் சுற்று? சம்பளத்துக்கென்று பியாஸ்தரை அச்சடித்து விட்டால் பணம் பெருகும், சரக்கு பெருகாது, விலைவாசி ஏறும். இந்த வழியில் சரக்கும் கூடவே வந்து இறங்கியது. விலை கட்டுக்குள் நின்றது. கெட்டிக்கார ஏற்பாடுதான்.

ஆனால் அரசுக்குச் சொந்த மக்களின் வரியை நம்பியிருக்க வேண்டிய தேவை குறைந்துபோனது. வரி கேட்டு ஊருக்குள் போகிற அரசு ஊர்க்காரன் குறையையும் கேட்டாக வேண்டும். டியெம் கேட்கவில்லை. 1956-ல் கொண்டுவந்த நில உச்சவரம்பு 100 ஹெக்டேர்! தைவானில் நெல்வயலுக்கு அது சுமார் 3 ஹெக்டேர்தான். குத்தகை விவசாயிகளில் பெரும்பாலோருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கிராமங்களில் கம்யூனிஸ்டுகள் காலூன்ற இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

உதவியை நிறுத்துவோம் என்று மிரட்டியிருக்கலாமே என்றால், நிறுத்தினால் ஆட்சி கவிழும், கம்யூனிஸ்டுகள் வந்துவிடுவார்கள். அமெரிக்காவுக்கு இருந்த அந்தப் பயம் டியெமுக்கும் தெரியும். அவருடைய பலவீனமே அவருக்குப் பிடிமானம்.

1963-ல் பௌத்தர்களின் போராட்டத்தை அரசு அடக்கிய விதம் உலகையே உலுக்கியது. அப்புறம்தான் கென்னடி இந்த இறக்குமதி உதவியை நிறுத்திவைத்தார். டியெமைத் திருத்த எடுத்த நடவடிக்கை அது. ஆனால் சதிக்குத் தயாராக இருந்த தளபதிகளுக்கு அது பச்சைக்கொடியாகப் பட்டது. நவம்பர் 1-ல் கவிழ்ப்பு. மறுநாள் டியெமும் தம்பி நூவும் கவச வண்டிக்குள் கொல்லப்பட்டார்கள்.

அந்தத் தளபதிகளை மூன்றே மாதத்தில் இன்னொரு தளபதி கவிழ்த்தார். ஆட்சி மாற மாற, சுமை அமெரிக்காவின் தோளுக்கே வந்தது. டியெம் இறந்தபோது அங்கிருந்த அமெரிக்க ராணுவத்தினர் சுமார் 16,000 பேர். 1969-ல் 5 லட்சத்துக்கும் மேல்.