அறிக்கையில் "புரதம் மாறவில்லை" என்று இருந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள்

இந்த வருடத்தில் இது நான்காவது குடும்பம். மூத்த குழந்தையின் மரபணு அறிக்கையை எடுத்துக்கொண்டு வந்தார்கள்; அம்மாவுக்கு அப்போது பதினான்காவது வாரம். அறிக்கைக்கு மூன்று வயது. நான்காம் பக்கத்தின் அடியில் ஒரு வரி: எக்ஸான் (மரபணு நகலில் வெட்டப்படாமல் தங்கும் பகுதி) முடிந்து இன்ட்ரானுக்குள் (இடையில் வந்து வெட்டப்படும் பகுதி) ஐந்தாவது டி.என்.ஏ. எழுத்து, ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ, அதுவும் அம்மா வழி, அப்பா வழி இரண்டு பிரதியிலும். பக்கத்தில் "முக்கியத்துவம் தெளிவில்லை" என்று அச்சாகியிருக்கிறது. யாரோ அதை நீல பேனாவால் வட்டமிட்டு "நார்மல்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவர்கள் அடுத்த குழந்தைக்குத் தயாரானார்கள்.

தெளிவில்லை என்றால் தெளிவில்லை, அவ்வளவுதான். அதை நார்மல் என்று மாற்றி எழுத யாருக்கும் உரிமை கிடையாது.

இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடப்பதற்குக் காரணம் ஒரே ஒரு நம்பிக்கை. புரதத்தைக் கோக்கும் மணிகளான அமினோ அமிலங்களில் ஒன்று மாறினால்தான் நோய், இன்ட்ரான் என்பது எப்படியும் வெட்டி எறியப்படுகிற பகுதி, அதில் எது மாறினால் என்ன என்ற நம்பிக்கை. மருத்துவம் படித்தவர்களே இதைச் சொல்லும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மரபணுவிலிருந்து எடுக்கப்படும் ஆர்.என்.ஏ. நகலில் இடையிடையே வரும் பகுதிகளை வெட்டி, மீதியை ஒட்டித்தான் செல் புரதம் செய்கிறது என்பது 1977லேயே தெரிந்துவிட்டது. அதற்காக ரிச்சர்ட் ராபர்ட்ஸுக்கும் ஃபிலிப் ஷார்ப்புக்கும் 1993ல் நோபல் பரிசும் கொடுத்தாகிவிட்டது. எங்கே வெட்டுவது என்ற குறிப்பு அந்த எழுத்துகளுக்குள்ளேதான் இருக்கிறது. குறிப்பு கெட்டால் வெட்டும் கெடும்.

"வேங்கை" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சேர்த்துப் படித்தால் புலி. வேம் + கை என்று பிரித்தால் வேகின்ற கை. ஓர் எழுத்துகூட மாறவில்லை, பிரித்த இடம்தான் வேறு. செல்லுக்குள் நடப்பதும் இதுதான். இன்ட்ரான் பெரும்பாலும் ஜி.டி. என்று தொடங்கி ஏ.ஜி. என்று முடியும். ஆனால் இந்த இரட்டை எழுத்துகள் மரபணு முழுக்க இறைந்து கிடக்கின்றன. அதனால் எது உண்மையான எல்லை என்று கண்டுபிடிக்க செல் அக்கம்பக்கத்து எழுத்துகளையும் பார்க்கிறது. ஐந்தாவது எழுத்தையும் பார்க்கிறது, எக்ஸானுக்கு உள்ளே இருக்கும் எழுத்துகளையும் பார்க்கிறது. அமினோ அமிலத்தை மாற்றவில்லை என்பதால் "சைலன்ட்" என்று பெயர் வைத்து நாம் ஒதுக்குகிற மாற்றங்கள் குழந்தையைப் படுக்கையில் தள்ளுவது இப்படித்தான்.

புரோஜீரியாவைப் பாருங்கள், குழந்தைகளுக்கு அகால முதுமை வரும் நோய். எல்.எம்.என்.ஏ. மரபணுவில் 1824ஆம் எழுத்து சி இருக்க வேண்டிய இடத்தில் டி. அந்த இடத்து அமினோ அமிலமான கிளைசின் கிளைசினாகவே இருக்கிறது. புரதம் மாறவில்லை என்றுதானே படிப்பீர்கள்? ஆனால் அந்த ஒரு எழுத்து எக்ஸானுக்கு நடுவில் புதிதாக ஒரு வெட்டுமிடத்தை உண்டாக்குகிறது, 150 எழுத்துகள் போய்விடுகின்றன, புரதத்தில் 50 அமினோ அமிலங்கள் குறைகின்றன. 2003ல் கண்டுபிடித்தார்கள். அதேபோல எஸ்.எம்.என்.2 மரபணுவின் ஏழாவது எக்ஸானில் இருக்கும் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம் அமினோ அமிலத்தைத் தொடுவதே இல்லை, ஆனால் அதனால்தான் அந்த எக்ஸான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோய்க்கு 2016ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நுசினெர்சன் என்ற மருந்து செய்யும் வேலையே விடுபட்ட அந்த எக்ஸானை மறுபடி சேர்க்க வைப்பதுதான். (ரத்தச் சிவப்புப் புரதத்தின் மாறிய வடிவமான ஹீமோகுளோபின் ஈ-யையும் வெறும் அமினோ அமில மாற்றம் என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்த மாற்றமும் வெட்டைக் குழப்புகிறது, அதனால்தான் அந்தப் புரதத்தின் அளவும் குறைகிறது.)

அப்புறம், "எக்ஸோம் சோதனையில் எதுவும் வரவில்லை, எனவே மரபணுக் கோளாறு இல்லை" என்பதும் தவறு. எக்ஸோம் சோதனை எக்ஸான்களையும் அவற்றின் ஓரத்தில் சில எழுத்துகளையும் மட்டுமே படிக்கிறது. பிறவிப் பார்வையிழப்பு ஒன்றுக்குக் காரணமான சி.இ.பி.290 மரபணு மாற்றம் எக்ஸானிலிருந்து 1655 எழுத்துகள் தள்ளி, இன்ட்ரானின் ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து 128 எழுத்து நீளமுள்ள ஒரு பொய் எக்ஸானைப் பெரும்பாலான நகல்களில் செருகிவிடுகிறது. எக்ஸோமுக்கு அது கண்ணில் படாது.

சரி, அந்தக் குடும்பத்துக்கு வருகிறேன். மூவரின் ரத்தத்திலிருந்தும் ஆர்.என்.ஏ. எடுத்து, அந்த இடத்தைப் பெருக்கி ஜெல்லில் ஓட்டினோம்; நீளத்துக்கு ஏற்பத் துண்டுகள் கோடுகளாகப் பிரியும், குட்டையானது கீழே போகும். நோயில்லாத வேறொருவரின் வரிசையில் ஒரே கோடு. அம்மா, அப்பா வரிசைகளில் இரண்டிரண்டு கோடுகள். குழந்தையின் வரிசையில் கீழ்க்கோடு மட்டும். 92 எழுத்து எக்ஸான் ஒன்று முழுசாகக் காணவில்லை. செல் மூன்று மூன்று எழுத்தாகத்தான் படிக்கும்; 92 மூன்றால் வகுபடாது, ஆகவே அதற்குப் பிறகு வரும் வாசிப்பு எல்லாமே தடம்புரள்கிறது. இந்தச் சோதனைக்கு ஆனது இரண்டு வாரம். மூன்று வருடத்தில் யாரும் இதைக் கேட்கவில்லை. இதற்குப் பிறகுதான் பனிக்குட நீரில் எதைத் தேட வேண்டும் என்றே எங்களால் சொல்ல முடிந்தது.

அறிக்கை கையில் இருப்பவர்கள் முழு அறிக்கையையும் பத்திரப்படுத்துங்கள், முதல் பக்கத்தை மட்டும் அல்ல. மூலத் தரவுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். எக்ஸானின் விளிம்பிலோ இன்ட்ரானிலோ "தெளிவில்லாத" மாற்றம் ஏதாவது இருந்தால், ஆர்.என்.ஏ. சோதனை செய்யலாமா என்று நேரடியாகக் கேளுங்கள், தயங்காதீர்கள். ரத்தம் கொடுக்கும்போது ஆர்.என்.ஏ.-வைப் பாதுகாக்கும் தனிக் குழாயில் எடுக்கிறார்களா என்று பாருங்கள். சாதாரணக் குழாயில் எடுத்து ஒரு நாள் மேசையில் கிடந்த ரத்தத்தை நம்பி முடிவு சொல்லக் கூடாது. அந்த மரபணு ரத்தத்தில் வேலை செய்யாததாக இருந்தால் தோலோ தசையோ தேவைப்படும்.

மருத்துவ நண்பர்களுக்கு ஒன்று. வெட்டு கெடுமா என்று கணிக்கும் ஸ்ப்ளைஸ் ஏஐ போன்ற மென்பொருள் ஒன்றுக்கு 0.9 என்று காட்டினால் நானும் நிமிர்ந்துதான் உட்காருவேன். ஆனால் அது கணிப்பு. அதை மட்டும் வைத்து ஒரு கர்ப்பத்தைத் தொடரலாம் என்றோ கலைக்கலாம் என்றோ சொல்லாதீர்கள். பழுதான ஆர்.என்.ஏ.-வைச் செல்லே அழித்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள். கோடு தெரியவில்லை என்பதால் கோளாறு இல்லை என்று ஆகிவிடாது.

பெற்றோர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். கருத்தரிப்பதற்கு முன்னால் வாருங்கள். அந்த அம்மா முடிவு வரும்வரை தினமும் காலையில் ஃபோன் செய்தார், முதல் நாள் கேட்ட அதே கேள்வியோடு, இரண்டு வாரமும்.