கறையைவிட அவசரமே தோல் இருக்கையைக் கெடுக்கிறது

கோலாலம்பூர் செந்தூல் வட்டாரத்தில் கார்களின் உட்புறத்தைச் சுத்தம் செய்து தரும் தொழிலில் இருக்கிறேன். பாழாகிப்போன தோல் இருக்கைகள் என்னிடம் வரும்போது முதலில் நான் கேட்பது, "என்ன கொட்டியது?" என்று அல்ல, "கொட்டிய பிறகு எதை வைத்துத் தேய்த்தீர்கள்?" என்றுதான். குழம்பும் பாலும் பேனா மையும் செய்த சேதத்தைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். பதற்றத்தில் பாத்திரம் கழுவும் சோப்பு, சமையல் சோடா, பற்பசை, நகப்பூச்சு நீக்கி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டுத் தேய்த்ததால் வரும் சேதத்தைத்தான் பல நேரங்களில் மீட்க முடிவதில்லை.

நீங்கள் உட்காரும்போது உடலில் படுவது பெரும்பாலும் தோல் அன்று. இன்றைய கார்களில் பதனிட்ட தோலின்மேல் நிறமும், அதற்குமேல் பாலியூரித்தேன் மேற்பூச்சும் இருக்கும். மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு அளவே உள்ள அந்தப் பூச்சுதான் கறையைத் தடுத்து நிறத்தைக் காக்கிறது. நகப்பூச்சைக் கரைக்கும் அசிட்டோன் இதையும் கரைத்துவிடும். கைத்தூய்மியில் உள்ள ஆல்கஹால் இதை இளக்கிவிடும். பற்பசையும், 'மாயப் பஞ்சு' என்று கடைகளில் விற்கும் வெள்ளைப் பஞ்சும் கறையைக் கரைப்பதில்லை; நுண்ணிய உப்புத்தாளாக இருந்து பூச்சையே சுரண்டி எடுக்கின்றன. கறை போய்விட்டதே என்று மகிழ்வீர்கள். அந்த இடம் சற்றே மங்கி, விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். அடுத்து எது கொட்டினாலும் தங்குதடையின்றி உள்ளே இறங்கும்.

உங்கள் காரில் இருப்பது உண்மையான தோல்தானா என்பதையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தோல் இருக்கை என்று விற்கப்படும் பல கார்களில் முதுகும் தொடையும் படும் இடத்தில் மட்டும் தோல் இருக்கும். பக்கவாட்டிலும் பின்புறத்திலும் செயற்கைத் தோல்தான். விலை குறைந்த உறைகள் முழுக்க பி.வி.சி. கண்ணுக்கு மறைவான ஓரிடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் மேற்பூச்சு நன்றாக இருக்கிறது அல்லது அது செயற்கைத் தோல். உறிஞ்சிக் கருத்தால், அது பூச்சில்லாத தோல் அல்லது பூச்சு தேய்ந்துபோன தோல். அதில் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம்.

நம்மவர்களின் கார்களில் நான் அதிகம் பார்ப்பது மஞ்சள் கறை. ஒரு வாடிக்கையாளரின் புதுக்காரில் நாசி கண்டார் (பல குழம்புகள் ஊற்றிய சோறு) பொட்டலம் சாய்ந்து, வெளிர் நிறப் பின்னிருக்கையில் குழம்பு வழிந்துவிட்டது. பாத்திரம் கழுவும் சோப்பில் சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்திருக்கிறார். "அண்ணே, மஞ்சளாகத்தான் இருந்தது. தேய்க்கத் தேய்க்கச் சிவக்கிறது. தோல் வெந்துவிட்டதா?" என்று பதறியபடி வந்தார். உடன் வந்திருந்த அவருடைய அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஆரத்தி கரைத்து ஊற்றிய மாதிரி இருக்கிறதே, ஐயா" என்றார். அவர் சொன்னதுதான் சரியான விளக்கம். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின், காரம் பட்டால் சிவக்கும். காரம் என்றால் மிளகாய்க் காரம் அல்ல; அமிலத்துக்கு எதிரான தன்மை. மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்து நாம் ஆரத்தி எடுப்பதும் அதனால்தான். சமையல் சோடாவும் காரம். தோல் வேகவில்லை, நிறம்தான் மாறியிருந்தது.

சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பலமுறை ஒற்றி எடுத்து, முதலில் காரத்தைப் போக்கினோம். சிவப்பு மீண்டும் மஞ்சளானது. பிறகு தோலுக்கான மென்மையான நுரைத் திரவத்தால் குழம்பின் எண்ணெயை எடுத்தோம். குர்குமின் எண்ணெயோடுதான் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் போனால் கறையில் பெரும்பகுதி போய்விடும். மிச்சமிருந்த வெளிறிய மஞ்சளுக்கு மருந்து வெளிச்சம்தான். குர்குமின் ஒளியில் சிதைந்துவிடும். காலை வெயிலில் கார்க்கதவைத் திறந்து, கறையின்மேல் வெளிச்சம் நேராக விழும்படி சில நாள் வைக்கச் சொன்னேன். உச்சி வெயிலில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நிறுத்தக் கூடாது. அந்தச் சூடு தோலைக் காயவைத்துவிடும். பதனிட்ட தோல் இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை உடையது. காரமான எதையும் அதன்மேல் அடிக்கடி போட்டால் நாளடைவில் விறைத்து வெடிக்கும். சோடாவை நான் இவ்வளவு கண்டிப்பது அதனால்தான்.

தைப்பூசம் முடிந்த வாரத்தில் வருவது பால். பத்துமலைக்குப் பால்குடம் எடுத்துப் போகும் குடும்பங்களின் கார்கள் அவை. மேலே சிந்தியதை எல்லாரும் துடைத்துவிடுகிறார்கள். தையல் துளைகள் வழியாக நுரைப்பஞ்சுக்குள் இறங்கியது கண்ணுக்குத் தெரிவதில்லை. நம் ஊர் வெயிலில் பூட்டிக் கிடக்கும் காருக்குள் அது புளித்து, இரண்டே நாளில் கதவைத் திறக்க முடியாத நாற்றமாகிவிடும். பால் சிந்தினால் உடனே காய்ந்த துணியை வைத்து அழுத்துங்கள்; தேய்க்காதீர்கள், தேய்த்தால் தையலுக்குள் தள்ளிவிடுவீர்கள். பிறகு குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றுங்கள். சுடுதண்ணீர் வேண்டவே வேண்டாம். பாலின் புரதம் சூட்டில் கெட்டியாகிப் பஞ்சோடு பிடித்துக்கொள்ளும். ஈரத்தை உறிஞ்சும் வேக்குவம் இருந்தால் தையல் ஓரமாக வைத்து இழுங்கள்.

பால் நாற்றத்துக்கு நொதி (என்சைம்) கலந்த திரவங்கள் கடைகளில் கிடைக்கின்றன. நல்லவைதான். ஆனால் அவை புரதத்தைச் சிதைப்பவை, தோலும் புரதம்தான். உறையைக் கழற்றிவிட்டுப் பஞ்சில் மட்டும் அவற்றைப் பயன்படுத்த வேண்டும். கார் வாசனைத் திரவியத்தை இருக்கைமேல் தெளித்து நாற்றத்தை மூடுவது எதற்கும் உதவாது; அந்த எண்ணெய் தனியாக ஒரு திட்டாகப் படிந்துவிடும்.

பேனா மையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பட்ட சில நிமிடங்களுக்குள் ஈரத்துணியால் ஒற்றினால் குறையும். நாள்பட்டுவிட்டால் மை பூச்சுக்குள் ஊறியிருக்கும். அதை எடுக்கும் எந்தத் திரவமும் பூச்சையும் சேர்த்தே எடுக்கும். அதற்கு மறுநிறம் பூசுவதுதான் வழி. புது ஜீன்ஸின் நீலச்சாயமும் அப்படித்தான். வியர்வையும் சூடும் சேர்ந்து அதை உள்ளே இழுத்துவிடும். வெளிர் நிற இருக்கை வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை துடைத்துவந்தால் அது நிலைக்காது. பி.வி.சி. உறையில் ஏறிய சாயம் இன்னும் பிடிவாதமானது.

கறை என்று நினைத்துப் பலர் கொண்டுவருவதில் ஒன்று பூஞ்சணம். 2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட் தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு, அடுக்குமாடி வீடுகளின் நிலத்தடி நிறுத்துமிடங்களில் வாரக்கணக்கில் அசையாமல் நின்ற கார்களின் இருக்கைகளில் சாம்பல் பச்சைப் படலம் படர்ந்திருந்ததை இந்தத் தொழிலில் உள்ள எல்லாரும் பார்த்தோம். நம் காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. நனைந்த குடையும் காயாத கால்மிதியும் அதற்குத் துணை போகின்றன. பூஞ்சணத்தைக் காய்ந்த பிரஷால் தட்டாதீர்கள். நுண்வித்துகள் கார் முழுவதும் பரவும். காரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியால் ஒரே திசையில் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். குளோரின் கலந்த வெளுப்பான் தோலைத் தின்றுவிடும். இருக்கைப் பட்டை, கூரைத் துணி, குளிர்சாதன வடிகட்டி ஆகியவற்றையும் பார்க்காவிட்டால் படலம் திரும்ப வரும். வீடு சேர்வதற்குச் சில நிமிடம் முன்னதாகவே 'ஏசி' பொத்தானை அணைத்து, விசிறியை மட்டும் ஓடவிடுங்கள். உள்ளே உள்ள ஈரம் காய்ந்துவிடும்.

வழக்கமான பராமரிப்புக்குப் பெரிய செலவு இல்லை. முதலில் தூசியை உறிஞ்சி எடுங்கள். மணல் துகள் இருக்கும்போது துடைத்தால் பூச்சில் கீறல் விழும். தோலுக்கென்றே உள்ள திரவத்தை இருக்கைமேல் தெளிக்காமல், மெல்லிய பிரஷிலோ மைக்ரோபைபர் துணியிலோ எடுத்து, உள்ளங்கை அளவு இடமாகச் சுத்தம் செய்து, காய்வதற்குள் துடைத்துவிடுங்கள். ஓட்டுநர் இருக்கையின் வலப்பக்க விளிம்பைக் கவனித்துப் பாருங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் உரசுவதால் பூச்சு முதலில் தேய்வது அங்கேதான்.

தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் மெருகேறும் என்று சொல்லும் பெரியவர்களிடம் பணிவோடு ஒன்று சொல்வேன், ஐயா. பூச்சுள்ள தோலுக்குள் அந்த எண்ணெய் இறங்காது. மேலேயே நின்று தூசியைப் பிடித்து, தையலில் தங்கிச் சிக்கு நாற்றம் அடிக்கும். தலையணைப் பகுதியில் தலைமுடி எண்ணெய் படிந்து கருத்திருப்பதைப் பார்த்தாலே இது விளங்கும்.

கடைசியாக, பாதுகாப்பு பற்றிய ஒரு கண்டிப்பான சொல். பல கார்களில் முன்னிருக்கையின் பக்கவாட்டில் காற்றுப்பை உண்டு. இருக்கையின் கீழே மஞ்சள் நிற இணைப்போடு ஓடும் கம்பி அதற்கானது. முன்பயணி இருக்கைக்குள் ஆள் உட்கார்ந்திருப்பதை அறியும் உணரி இருக்கலாம். காற்றோட்டத் துளைகள் உள்ள தோலில் திரவத்தை ஊற்றினால் நேரே அங்கேதான் போகும். எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கினால் கறைக்கு ஆகும் செலவைவிடப் பல மடங்கு ஆகும். பேட்டரி இணைப்பைத் துண்டித்துச் சற்று நேரம் காத்திருக்காமல் இருக்கையைக் கழற்றும் கடையில் காரை விடாதீர்கள். மறைவான இடத்தில் சோதித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கறையைத் தொடுவதற்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே எதையாவது தடவியிருந்தால் கூச்சப்படாமல் சொல்லி, அந்தப் புட்டியையும் கையோடு எடுத்து வாருங்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்பதைப் படித்த பிறகுதான் எதைக் கொண்டு தொடங்குவது என்று என்னால் முடிவு செய்ய முடியும்.