வஸ்ரஜேனியே: ஆட்சேபணையா, எதிருரையா?

ஒருவர் சொன்னதை ஏற்காமல் பதில் சொல்வதை ரஷ்ய மொழியில் 'வஸ்ரஜாத்' என்பார்கள். பெயர்ச்சொல், 'வஸ்ரஜேனியே'. ரஷ்ய-ஆங்கில அகராதி இதற்கு முதலில் தருவது 'ஆப்ஜெக்‌ஷன்'. தமிழில் மொழிபெயர்க்கும்போது அதற்கு நேரான 'ஆட்சேபணை'யையே எல்லா இடத்திலும் ஒட்டவைத்தால்தான் வம்பு.

வேர்ச்சொல் 'ரஸீத்', அடி, தாக்கு என்று பொருள். தாக்குதலை முறியடிப்பதைச் சொல்லும் 'அத்ரஸீத்', போரிடுவதைச் சொல்லும் 'ஸ்ரஜாத்ஸா' எல்லாம் இதே குடும்பம்தான். ஆக வஸ்ரஜேனியே என்பது திருப்பி அடிப்பது. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு எதிரே எறிவது என்று பொருள். நம் 'ஆட்சேபம்' வடமொழி 'க்ஷிப்' வழி வந்தது, அதுவும் எறிவதுதான்!

வேர் இவ்வளவு முரட்டுத்தனமாக இருந்தாலும் புழக்கத்தில் சொல் சாதுவானது. ரயிலில் ஜன்னலைத் திறக்குமுன் எதிர் இருக்கைக்காரரிடம் 'நி வஸ்ரஜாயெத்யெ?' என்று கேட்கலாம். ஆங்கிலத்தில் இது 'டூ யூ மைண்ட்?' தமிழில் 'திறக்கலாமா, உங்களுக்கு ஒன்றும் இல்லையே?' என்றால் போதும். இங்கே 'ஆட்சேபணை உண்டா' என்று எழுதினால் பயணி வக்கீலாகிவிடுவார். நாவல்களில் உரையாடலுக்குப் பின்னால் வரும் 'வஸ்ரஸீல்' என்பதும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் 'ஆட்சேபித்தான்' என்றால் தேநீர் மேசைப் பேச்சுகூடச் சண்டை போலக் கேட்கும். பல இடங்களில் 'மறுத்துச் சொன்னான்' சரியாக வரும், சில இடங்களில் வெறும் 'என்றான்' போதும்.

நீதிமன்றத்துக்கு வருவோம். அமெரிக்கப் படங்களின் ரஷ்ய டப்பிங்கில் வக்கீல் துள்ளி எழுந்து 'ப்ரதெஸ்தூயு!' என்று கத்துவார், நம் படங்களின் 'அப்ஜெக்‌ஷன் யுவர் ஆனர்' மாதிரி. ரஷ்யச் சட்டத்தின் சொல் வஸ்ரஜேனியேதான். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 243ஆவது பிரிவின்படி, விசாரணையை நடத்தும் நீதிபதியின் செயலுக்கு வழக்கில் பங்கேற்கும் யாராவது வஸ்ரஜேனியே தெரிவித்தால் அது விசாரணைக் குறிப்பில் பதிவாக வேண்டும். இங்கே 'ஆட்சேபணை' கச்சிதம். சிவில் வழக்கில் பிரதிவாதி எழுத்தில் தருவதும் வஸ்ரஜேனியேதான், ஆனால் அதற்குத் தமிழில் 'எதிருரை' என்ற நல்ல சொல் இருக்கிறது. வெறும் 'மறுப்பு' என்று போடாதீர்கள், தர மறுப்பதும் மறுப்புதானே. நீதிபதியே விலக வேண்டும் என்று கேட்பது 'அத்வோத்', அது தனிச்சொல்.

வீட்டில் பெரியவர்களிடம் வாயாடுவது 'பிரேச்சித்'. குறுக்கே என்ற பொருளுள்ள சொல்லின் உறவு இது, நாம் 'குறுக்கே பேசாதே' என்பது போலவே. இன்னொன்று 'ப்ரிகஸ்லோவித்', அதிலும் குறுக்கும் சொல்லும் சேர்ந்திருக்கின்றன. அதன் எதிர்மறையான 'பிஸ்ப்ரிகஸ்லோவ்னா' ராணுவக் கட்டளைகளைப் பற்றிய பேச்சில் அடிக்கடி வரும். ஆங்கிலத்தில் 'அன்க்வெஸ்ச்சனிங்லி' என்று நீட்டுகிறார்கள். தமிழில் 'மறுபேச்சில்லாமல்'.