பந்தை உதைக்காத கால்

“12 வயது மகன் கால்பந்து ஆடுகிறான். பயிற்சியாளர் எடை தூக்கச் சொல்கிறார். வளர்த்தி நின்றுவிடாதா?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

நிற்காது. எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகளை மூடுவது பருவ வயதில் சுரக்கும் ஹார்மோன்கள்தான். முறையாகச் செய்யும் பயிற்சி அவற்றை மூடுவதில்லை. துள்ளி ஒற்றைக் காலில் இறங்கும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையை அந்தக் கால் தாங்குகிறது. அதை நாள்தோறும் செய்யும் பிள்ளையை, கண்காணிப்போடு எடை சுமந்து உட்கார்ந்து எழுவதை மட்டும் செய்யவிடாமல் தடுப்பது மூடநம்பிக்கைதான். எத்தனையோ பிள்ளைகளின் முழங்கால்களை அது பலவீனமாகவே விட்டுவைத்திருக்கிறது என்பது என் வருத்தம்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. சில வாரப் பயிற்சிக்குப் பிறகு அந்தப் பையன் முன்பைவிட உயரமாகத் துள்ளுவான். தொடையை நாடாவால் அளந்தால் சுற்றளவு ஏறக்குறைய பழையபடியேதான் இருக்கும். தசையைப் பருக்கவைக்கும் அளவுக்கு டெஸ்டோஸ்டிரோன் அந்த வயதில் சுரப்பதில்லை. அப்படியானால் வலு எங்கிருந்து வந்தது?

நரம்பிலிருந்து. தண்டுவடத்திலிருந்து புறப்படும் ஒவ்வொரு இயக்க நரம்பும் கிளை பிரிந்து ஒரு கூட்டம் தசைநார்களைப் பிடித்திருக்கிறது. கண்ணை உருட்டும் தசையில் ஒரு நரம்புக்குப் பத்து நார் போதும். கெண்டைக்காலில் ஆயிரத்துக்கும் மேல். கட்டளை வந்தால் அந்தக் கூட்டம் முழுவதும் சுருங்கும், வராவிட்டால் ஒன்றுகூட அசையாது. பாதிச் சுருக்கம் என்ற பேச்சே இல்லை. ஆகவே விசையைக் கூட்ட உடலுக்கு இரண்டே வழி: இன்னும் பல கூட்டங்களை அழைப்பது, அல்லது துடிப்புகளை அடுத்தடுத்து விரைவாக அனுப்புவது.

அழைப்பதிலும் ஒரு வரிசை உண்டு. சிறிய நரம்பு செல்கள் முதலில், பெரியவை கடைசியில் என்று நரம்பியல் ஆய்வாளர் எல்வுட் ஹென்னமன் 1957-இல் காட்டினார். வேகமும் முரட்டு வலுவும் கொண்ட நார்கள் அந்தப் பெரிய செல்களின் வசம் இருக்கின்றன. பெரியவர்கள் திரட்டும் அளவுக்குச் சிறுவர்களால் அவற்றைத் திரட்ட முடிவதில்லை. பயிற்சி கற்றுக்கொடுப்பது அதைத்தான். முன்தொடை தள்ளும்போது பின்தொடை வீணாகப் பிரேக் போடுவதும் குறைகிறது. 1894-இல் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் எட்வர்ட் ஸ்கிரிப்சர் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். சும்மா இருந்த மறு கைக்கும் வலு கூடியிருந்தது! தசை மட்டுமே காரணமாக இருந்தால் இது நடக்குமா?

சமநிலையும் இதே நரம்புகளின் வேலைதான். வெறுங்காலோடு ஒற்றைக் காலில் நின்று, குனியாமல் புறங்காலைப் பாருங்கள். தோலுக்கடியில் தசைநாண்கள் இடைவிடாமல் துடிப்பது தெரியும். உடல் ஒரு பக்கம் சாயத் தொடங்குவதும் கணுக்கால் அதை இழுத்து நிறுத்துவதுமாக நடக்கும் வேலை அது. கண்ணை மூடினால் துடிப்பு இன்னும் கூடும். பந்தை உதைக்கும் கணத்தில் முழு உடலையும் சுமப்பது உதைக்காத கால். அது ஆடினால் குறி தவறும்.

முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் சிலுவை இணைப்பு நார் (ஏ.சி.எல்.) கிழியும்போது, பெரும்பாலும் பாதம் தரையைத் தொட்ட ஏறத்தாழ 40 மில்லி விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அனிச்சைச் செயல் முழங்காலைக் காக்க அந்த நேரம் போதாது. பாதம் இறங்கும் முன்பே தசைகள் விறைத்துத் தயாராக இருக்க வேண்டும். துள்ளி இறங்கும் பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது மூளை இந்த முன்கூட்டிய விறைப்பைப் பழகிக்கொள்கிறது. எனக்கு இதில் தீராத வியப்பு.

ஃபிஃபாவின் ‘11+’ பயிற்சித் திட்டம் இதை அடிப்படையாகக் கொண்டதுதான். 20 நிமிடம் ஆகும், பெரிய கருவி எதுவும் வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான 1,800-க்கும் மேற்பட்ட சிறுமியரிடம் நடந்த ஆய்வில், இதைப் பின்பற்றிய அணிகளில் கடுமையான காயங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. 2008-இல் முடிவுகள் வெளிவந்தன. விளையாட்டு ஆய்வுக்கான பணம் தொழில்முறை ஆட்டக்காரர்களை விட்டு இத்தகைய ஆய்வுகளின் பக்கம் இன்னும் திரும்ப வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

வாசகிக்கு ஒன்று சொல்கிறேன். மகனை ஒரு சிறு திண்டிலிருந்து குதித்து இறங்கச் சொல்லி, எதிரே நின்று முழங்கால்களைப் பாருங்கள். அவை ஒன்றையொன்று நோக்கி உள்ளே சரிந்தால், எடையைக் கையில் கொடுக்காமல் முதலில் இறங்கும் விதத்தைச் சரிசெய்யும்படி பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். பாதத்துக்கு நேராக முழங்கால் நிற்கத் தொடங்கிய பிறகு எடையைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம்.